வால்வில் படிந்த கரி

என் அக்கா முடிச்சூரில் எங்களுடன்தான் இருக்கிறாள். நுரையீரல் கெட்டுப்போனதால், கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அவளால் படுக்கக்கூட முடியாது. எங்களுடையது பெருவெள்ளம் பார்த்த வீடு. அதனால் என் கணவர் காரை எப்போதும் தயாராக வைத்திருப்பார். அதாவது, எங்கும் ஓட்டாமல் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, நிறுத்திவிடுவார்.

அந்த அக்கறையே வினையாகிவிட்டது. வண்டி நடுங்க ஆரம்பித்ததும் படப்பையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். குட்டிக் கேமராவை இன்ஜினுக்குள் விட்டு மொபைலில் காண்பித்தார். வால்வுகளில் அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது.

"இந்த இன்ஜின்ல பெட்ரோல் நேரா உள்ள போய்டும் சார், வால்வைக் கழுவாது. சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்திகினே இருந்தா கரி ஏறிகினுதான் இருக்கும். ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, சொரண்டி எடுத்துர்லாம்."

"மழைக்காலத்துல ரெண்டு நாள் கார் இல்லாமலா? தை பொறக்கட்டும்" என்றார் இவர். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

ஐப்பசிக் கடைசியில் விடாத மழை. தெருவில் தண்ணீர் ஏறியதும் கரண்டை நிறுத்திவிட்டார்கள். இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டது. ஆம்புலன்ஸுக்கு லைனே கிடைக்கவில்லை. கையிலிருந்த சின்ன சிலிண்டரை மாட்டி, அக்காவைப் பின்சீட்டில் என்மேல் சாய்த்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். கார் உதறி நின்றது. மறுபடியும் திருப்பினார், மறுபடியும் நின்றது.

"நல்லா கட்டிக் காத்தீங்க!" என்று கத்தினேன். அக்கா என் கையை அழுத்தினாள். பேச அவளுக்கு மூச்சில்லை.

அடுத்த முறை இன்ஜின் பிடித்தபோது, ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலை அவர் எடுக்கவே இல்லை. குலுங்கிக் குலுங்கித் தெருத் தண்ணீரைத் தாண்டினோம். மெயின் ரோட்டு மேட்டில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே கொன்றான். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் போட்டு, அப்படியே ஆக்ஸிஜன் வைத்தார்கள். மனதில் இருந்ததையெல்லாம் இவர்மேல் கொட்டும் வேகத்தோடு வெளியே வந்தேன். வாசலில் கார் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணு சார், ஒரே பொகையா கீது" என்று வாட்ச்மேன் விரட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தித் தொலைங்களேன்" என்றேன் நானும்.

"பெட் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. பாக்கறோம்னு சொல்றாங்க."

"இல்லன்னு வேற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா? இப்ப நிறுத்தினா இது திரும்பக் கிளம்பாது."

ஆக்ஸிலரேட்டரை அவர் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திட்ட வந்தவள் உள்ளே ஓடினேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதேன்.

பெட் கிடைத்துவிட்டது என்று நான் வந்து சொன்ன பிறகுதான் அவர் காலை எடுத்தார். சாவியைத் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை, இன்ஜின் தானாகவே நின்றுவிட்டது.