மலைப் பக்கம் வைத்த மரம்

புது வீடு கட்டும் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சீக்கிரம் வளரணும், நிழல் தரணும், பூவும் பூக்கணும். ஒரு மரம் சொல்லுங்க." போயும் போயும் என்னிடமா கேட்க வேண்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

தொண்ணூற்றிரண்டு வாக்கில் திருவண்ணாமலை ஸ்டேஷன் பக்கம் அஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வீடு கட்டியிருந்தோம். வாதம் வந்து அம்மாவுக்கு ஒரு கால் விழுந்துவிட்டது. பகலில் வீட்டுக்குள் இருந்தால் வெந்துபோவாள். வெளியே நாற்காலி போட்டால், மேற்குப் பார்த்த வாசல், மத்தியானத்துக்கு மேல் முகத்தில் வெயில் அறையும்.

மனைவி புங்கன் வைக்கச் சொன்னாள். எனக்கோ பூ கண்ணில் அடிக்க வேண்டும். மரமல்லி வாசனைக்கு மயங்கினேன். அது ஒல்லியாக மேலேதான் போகும் என்றார்கள். கடைசியில் நர்சரிக்காரர் ஒரு மே ஃபிளவர் கன்றைக் கையில் கொடுத்தார். "மூணே வருஷம் சார், கொடை மாதிரி விரிஞ்சிடும்."

வாசலுக்கு எதிரே வைத்து, குளித்த தண்ணீரைத் திருப்பிவிட்டேன். மளமளவென்று வளர்ந்தது. பங்குனியில் மட்டும் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். "ஒங்க மரத்துக்கே வெயில் தாங்கல" என்பாள் மனைவி. மற்ற மாதமெல்லாம் அம்மா அதன் கீழேதான். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம்.

வெயில் வருகிற பக்கம்தான் மலையும் இருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்.

கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் தீபம் பார்க்காமல் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஐந்தாம் வருஷம், ஆறு மணிக்கு வெடிச் சத்தம், மொட்டை மாடிகளில் எல்லாம் "அரோகரா". அம்மா நாற்காலியில் இப்படியும் அப்படியும் சாய்ந்தாள்.

"எங்கடா? ஒண்ணுமே தெரியலியே."

மழைக்குத் தழைத்த மரம் உச்சியை மூடியிருந்தது. நாற்காலியோடு தெருவுக்குத் தூக்கப் பார்த்தேன். கேட்டைத் தாண்ட முடியாத கூட்டம்.

"வுடுடா, சத்தம் கேட்டுச்சே" என்று இலைகளைப் பார்த்தே கும்பிட்டாள்.

மறு வருஷம் ஐப்பசியில் அம்மா கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டில் இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். மலைப் பக்கக் கிளைகளை மட்டும் கழிக்கச் சொன்னேன். "ஒரு பக்கம் கழிச்சா பாரம் ஜாஸ்தியாகி கூரை மேல சாஞ்சிடும் சார், மொத்தமா எடுத்துடலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். சாயங்காலத்துக்குள் அடிமரம்தான் மிச்சம்.

தீபத்தன்று மத்தியானம் வந்து இறங்கிய அம்மா அடிமரத்தைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டாள். "சாயங்காலம் பாரும்மா" என்றேன், பெருமையாக வேறு.

ஆறு மணிக்கு உச்சியில் சுடர் பளிச்சென்று எழுந்தது. அம்மா கண்ணில் நீர் வழியக் கும்பிட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே மத்தியானத்துல நான் எங்கடா ஒக்காருவேன்?"

புதுக் கன்று வைத்தேன். அது என் இடுப்பளவு வளர்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

இப்போது எதிரே நாலு மாடி லாட்ஜ். மலை துளியும் தெரியாது. மூன்று மணிக்கே எங்கள் வாசல் முழுக்க அதன் நிழல் விழுந்துவிடுகிறது. அங்கே நாற்காலி போடுவார் யாருமில்லை.