கைப்பிடியை விட்ட கை

நல்லூரில் கோயிலடியில் பின்னால் வந்த வான் என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியது. முழங்கையில் இரத்தத்தோடு நான் எழும்பி நிற்க, பொலிஸ்காரர் தண்டச் சீட்டை எனக்கே எழுதினார்.

"கோயிலைக் கண்டதும் அக்கா கைப்பிடியை விட்டிட்டுக் கும்பிட்டவ, ஸ்கூட்டர் ஆடிப்போச்சு" என்று வான்காரன் சொல்லியிருந்தான்.

வீட்டில் கணவர் சீட்டை வாசித்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் தலைமுறையாக மெதடிஸ்த கிறிஸ்தவ சபைக்காரர்.

"உது லேசான வழக்கு. நாங்கள் வேதக்காரர், கோயில் கும்பிடமாட்டம் எண்டு கோர்ட்டில சொல்லும். பாதிரியாரும் வந்து சொல்லுவார்."

பள்ளிக்கூடக் காலத்தில் சைவத் தோழிகளோடு அந்த வழியால் சைக்கிளில் போய்வந்து பழகிய கை இது. இவ்வளவு காலமும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"கும்பிட்டனான்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "அப்ப பேசாமல் தபால் கந்தோரில தண்டத்தைக் கட்டிவிடும். பிறகு சபையில எப்பிடி முகம் குடுக்கிறது?"

"கட்டமாட்டன். றோட்டுக் கரையில நிப்பாட்டி, காலை ஊண்டிப்போட்டுத்தான் கும்பிட்டனான். நிண்ட ஸ்கூட்டரைத்தான் அவன் இடிச்சவன்."

நீதிமன்றத்தில் குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டார்கள். சுற்றவாளி, என்னில் குற்றமில்லை என்றேன். கும்பிட்டதையும் நானே சொன்னேன். பின்வரிசை வாங்கில் இருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. இன்றும் அதே இடத்தில் நிறுத்தி, காலை ஊன்றி, கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் சபைக்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பேன். இப்போது பின்னால் வான் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.