சவரிமுத்து மகள் ஞானம்மாள்

அந்த உயிலின் நகலை அத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்றபடி படித்தார். காகிதம் படபடக்காமல் இருக்க இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்திருந்தார். பாதி படித்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே வரியை மறுபடியும், இம்முறை வாய்விட்டுப் படித்தார். ஏரிக் குப்பத்தில் இருக்கும் என் மூத்த மகள் ஞானம்மாளுக்கு நிலத்தின் வடபாதி சேர வேண்டும் என்று அதில் இருந்தது. "யாரு இந்த ஞானம்மா?" என்று கேட்டார். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை.

உயிலை எழுதியவர் என் கொள்ளுத்தாத்தா சவரிமுத்து. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அப்பாவழித் தாத்தா. ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் அவர் வாங்கிப் போட்ட நிலம் தலைமுறைகளாகப் பாகம் பிரிக்கப்படாமல், பட்டா மாறாமல் அவர் பெயரிலேயே கிடந்தது. கிடங்கு கட்ட ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தபோதுதான் பழைய உயிலின் நகலைப் பதிவு அலுவலகத்திலிருந்து வாங்கினோம். கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே மனைவி, ஒரே மகன் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த மகன்தான் அத்தையின் அப்பா. எங்கிருந்தோ தனியாளாக வந்து ஆரம்பாக்கத்தில் கூலி வேலை செய்து, நிலம் வாங்கி, கல்யாணம் செய்துகொண்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

"இத்தினி வருசம் யாரும் வந்து கேக்கல. நாமளா போயி ஏன் தேடணும்?" என்றார் சித்தப்பா. வழக்கறிஞரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். அத்தை காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மகள்னு எழுதிகிறாரு. அப்பறம் இன்னா? அவங்களத் தேடாம நான் கையெழுத்து போட மாட்டேன்."

அத்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் கொஞ்சத் தெரியாது, கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். வேலையில் இருந்த காலம் முழுக்க, பிறந்த குழந்தை எந்தக் குடிசையில் இருந்தாலும் அதன் பிறப்பைப் பதிய வைக்காமல் விட்டதில்லை. பெயர் வைக்கவில்லை, அப்பன் ஊரில் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதைச் சொன்னாலும் கேட்க மாட்டார். ஒரு பிள்ளை பிறந்தது கணக்கில் வராமல் போவது அவருக்கு ஏதோ சொந்த அவமானம் போல இருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது வீண் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் விடுமுறை. என்னிடம் ஸ்கூட்டர் இருந்ததால் அத்தையோடு போகிற வேலை என் தலையில் விழுந்தது.

பழவேற்காடு ஏரியைச் சுற்றி எத்தனையோ குப்பங்கள், எந்தக் குப்பம் என்று உயிலில் இல்லை. முதலில் சென்னைக்குப் போனோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் காலத்துக் குப்பங்களின் பெயர்களும் அங்கிருந்த ஆட்களின் பெயர்களும் இருக்கும் என்று அத்தை நம்பியிருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் தடித்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊர்ப் பெயருக்கு எதிரே வீடுகள் எத்தனை, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று மட்டும் இருந்தது. ஆட்களின் பெயர்களை வெளியே கொடுப்பதில்லை, அவ்வளவு பழைய தாள்களை வைத்திருப்பதும் இல்லை என்றார் அவர். அத்தை பெண்கள் என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல ஒருத்தி அவங்க. ஆனா எந்த ஊரோட எண்ணுலனு தெரியலியே" என்றார். பங்குக் கோயில்களிலும் கேட்டோம். ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன, ஆனால் எங்களுக்கு வேண்டிய காலத்துப் பக்கங்கள் உப்புக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் உதிர்ந்தன. காகிதத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் கல்லறைகளைத் தேடத் தொடங்கினோம்.

பழவேற்காடு ஊருக்குள் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைகள் உண்டு. செதுக்கிய எழுத்து, மண்டை ஓடு, கப்பல் படம் எல்லாம் இருக்கும், சென்னையிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். குப்பத்துக் கல்லறைகள் வேறு மாதிரி. மணல்மேட்டில் சிமெண்டுச் சிலுவைகள். ஈரம் காயும் முன் ஆணியாலோ விரலாலோ எழுதிய பெயர்கள். பல பெயர்களைக் காற்று அரித்திருந்தது. அத்தை பையில் எப்போதும் கோலமாவு வைத்திருப்பார். மங்கிய சிலுவையின் மேல் அதைத் தூவி உள்ளங்கையால் தேய்ப்பார். பள்ளங்களில் மாவு தங்கி எழுத்து மெல்லத் தெரியவரும். பெண்களின் கல்லறைகளில் எல்லாம் இன்னாரின் மனைவி என்றே இருந்தது. ஒரு குப்பத்தில் பாதிக் கல்லறைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது, மிச்சம் இருந்ததில் எங்களுக்கு யாரும் இல்லை. பல ஞாயிறுகள் இப்படி வெறுங்கையோடு திரும்பினோம்.

சுண்ணாம்புக்குளம் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் படகில் போய்ச் சேர்ந்த ஒரு குப்பத்தில்தான் கிடைத்தது. சிறிய கோயிலுக்குப் பின்னால் சவுக்கு மரங்கள். அதற்குக் கீழே ஒரு சிலுவையில் மாவைத் தேய்த்த அத்தையின் கை நின்றது. 'சவரிமுத்து மகள் ஞானம்மாள்' என்று இருந்தது. புருஷன் பெயர் இல்லை. நான் சந்தோஷத்தில் அத்தையின் தோளைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் சாய்ந்து நின்ற இன்னொரு சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் தேய்த்தார். 'சவரிமுத்து. ஏரியில் மரித்தார்.'

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் கொள்ளுத்தாத்தா ஆரம்பாக்கம் கோயில் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர். அவரைத் தூக்கிக்கொண்டு போனதைச் சின்னப் பெண்ணாக அத்தையே பார்த்திருக்கிறார். "அத்தை, வாங்க போயிடலாம். இவரு வேற சவரிமுத்துவா இருக்கும்" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அத்தை எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "அவங்க வீடு எதுனு கேளு" என்றார்.

ஞானம்மாளின் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அத்தை வயதுதான், ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரல்கள் அவருக்கு, நுனியெல்லாம் ஆறிய கீறல்கள். ஞானம்மாளைப் பற்றிக் கேட்டதும் சுகாதாரத் துறையிலிருந்து ஏதோ விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, மணையை நகர்த்தி உட்காரச் சொன்னார். பக்கத்துச் சிலுவையைப் பற்றி அத்தை கேட்டார்.

"அது எங்க தாத்தா. புயல்ல போயிட்டாரு. படகு மட்டும் கவுந்து கெடந்துதாம், ஒடம்பு கெடைக்கல. எங்கம்மா அப்போ கைக்கொழந்த. எங்க ஆயா அவரு துண்டப் பொதச்சு சிலுவ வச்சாங்க. அதுக்கப்பறம் அவங்க ஒரு பூ வச்சதில்ல, கலர் சேல கட்டினதில்ல. கல்லறத் திருநாளுக்கு இப்பவும் நான் அதுக்கு மெழுகுவர்த்தி ஏத்துறேன். எங்கம்மாவ, எங்க நைனா வுட்டுட்டுப் போயிட்டாரு. அதான் சாவுறப்ப, எங்கப்பன் பேரப் போடு, அவரு வேணும்னு வுட்டுட்டுப் போனவரு இல்லனு சொன்னாங்க."

அந்த இடத்தில் நாங்கள் எழுந்து வந்திருக்கலாம். எனக்கு அதுதான் சரி என்று பட்டது, அத்தையின் முழங்கையைத் தொட்டேன். அத்தை என் கையை விலக்கிவிட்டு, நோயாளிக்கு நோயைச் சொல்கிறபோது வருகிற தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவரு ஏரியில போவல. ஆரம்பாக்கத்துல இருந்தாரு. அங்க இன்னொரு கல்யாணம் பண்ணிகினாரு. நான் அவரு பேத்தி."

அந்த அம்மாவின் கைகள் இறால் குவியலுக்குள் அப்படியே இருந்தன. பிறகு குடத்துத் தண்ணீரைச் சாய்த்து ஒவ்வொரு விரலாகக் கழுவினார்.

"எவ்ளோ காலம் இருந்தாரு?"

"நான் பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருந்தாரு."

"அப்போ எங்கம்மா கல்யாணத்தப்ப இருந்தாரு. அப்பனில்லாப் பொண்ணுனு சொல்லித்தான் எங்கம்மாவக் கட்டிகினு போனாங்க." அவர் எழுந்தார். "நீங்க கெளம்புங்க."

நிலத்தைப் பற்றிச் சொல்லவே முடியவில்லை. படகில் திரும்பும்போது, கொள்ளுத்தாத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். படகு கவிழ்ந்தபோது கூட வந்தவர் யாராவது செத்துப்போய், ஊருக்குத் திரும்பப் பயந்திருக்கலாம். வீட்டில் ஏதாவது சண்டை இருந்திருக்கலாம். அத்தை தண்ணீரைப் பார்த்தபடி, "நமக்குத் தெரியாது. தெரியாதத நாமளே கட்டிச் சொல்லி அவர நல்லவராக்க வேணாம்" என்றார். அதன் பிறகு அந்தக் காரணத்தைத் தேட நாங்கள் முயலவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் பெரிய சண்டை வந்தது. சித்தப்பா அத்தையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். செத்துப்போன மனிதரை இப்படிச் சந்திக்கு இழுத்துவிட்டாளே என்று அப்பா என்னிடம் வருத்தப்பட்டார். கிடங்குக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். அந்த மழைக்காலம் முழுவதும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே, "அந்த அம்மா அம்பது வருசத்துக்கு மேல அந்தச் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏத்திகிறாங்க. நான் போயி ஊதி அணைச்சுட்டு வந்துட்டேன்" என்றார். சொல்லாமல் வந்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், சொல்லாமல் இருந்திருக்க முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

மழை விட்டுத் தை பிறந்த பிறகு, ஒரு முற்பகலில் அந்த அம்மா தனியாக பஸ் பிடித்து ஆரம்பாக்கம் வந்து இறங்கினார். ஊரில் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். "அவர எங்க வச்சிகிறீங்க?" என்று கேட்டார். கோயில் தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பளிங்குக் கல் வைத்திருந்தோம், பக்கத்தில் அவர் இரண்டாம் மனைவிக்கும். அந்த அம்மா கும்பிடவில்லை, சிலுவை போட்டுக்கொள்ளவும் இல்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்களப் பத்தி எப்பனா பேசிகிறாரா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவகூட இல்ல" என்றார் அத்தை. பிறகு பையிலிருந்து உயிலின் நகலை எடுத்தார். "இதுல மட்டும் எழுதிகிறாரு."

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அத்தை அந்த வரியைப் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தார். மூன்றாவது தடவை அத்தையின் குரல் உடைந்துவிட்டது, நான் வாங்கிப் படித்தேன். என் மூத்த மகள் ஞானம்மாள் என்ற இடம் வரும்போது அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை அடங்கக் கொஞ்ச நேரமானது. அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த நெலம் எங்கம்மாளுது. எனக்கு வேணும்" என்றார். "அதுக்குத்தான் அன்னிக்கு வந்தேன் அண்ணி" என்றார் அத்தை. உறவு முறையில் அவர் அத்தைக்கு அத்தை மகள். அன்றுதான் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார்.

பாகம் பிரிக்க நாளாயிற்று. சித்தப்பா கடைசியாக, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். வடபாதியில் இப்போது அந்த அம்மாவின் மகள் குடும்பம் வீடு கட்டியிருக்கிறது. முறைப்படி எனக்கு அந்த அம்மா பெரியம்மா, அப்படித்தான் கூப்பிடுகிறேன். பெரியம்மா மட்டும் குப்பத்தை விட்டு வர மறுத்துவிட்டார். அத்தை இறந்தபோது வந்து, குளிப்பாட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவர் அவர்தான். சித்தப்பா ஒதுங்கி வழிவிட்டார்.

சென்ற கல்லறைத் திருநாளுக்கு ஏரி தாண்டிப் பெரியம்மாவிடம் போனேன். கல்லறைத் தோட்டத்தைச் சீர் செய்துகொண்டிருந்த குப்பத்துப் பிள்ளைகள், ஆள் இல்லாத சிலுவைதானே, எடுத்துவிட்டால் இடமாவது கிடைக்கும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டாராம். சாய்ந்திருந்த அந்தச் சிலுவைக்கு மண் அணைத்து நிமிர்த்தியிருந்தார். 'ஏரியில் மரித்தார்' என்ற எழுத்துகளுக்கும் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தது.

"பெரியம்மா, அவரு இங்க இல்லனு தெரியுமே" என்றேன்.

"தெரியும். அவரு அங்கதான் கிறாரு." காற்றுக்குக் குனிந்து மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, அது நின்று எரிகிற வரை கீறல் விழுந்த கைகளால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆயா அழுதது இங்கதானே."