ஸ்டெல்லா டீச்சர் விற்காத கார்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஸ்டெல்லா டீச்சரின் மகன் ஜெரால்டு பேசினான். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." கீரைக்கட்டைத் திருப்பி வைத்தேனா, கையோடு கொண்டு வந்தேனா, இன்றுவரை ஞாபகமில்லை.

பொன்மலையில் குடியிருந்த ஸ்டெல்லா டீச்சரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தோம். அவர் வரலாறு, நான் கணக்கு. கோபமே வராத மனுஷி. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

அவரைத் தெரியாதவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொன்னால் போதும். கணவர் சவரிமுத்து சார் கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டு வாங்கிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. ஞாயிறுதோறும் டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சமயபுரம் ரோட்டில் பறப்பாராம். பிறகு வண்டி நின்றுபோனது. சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். கொல்லைத் தகரக் கொட்டகையில் துருப்பிடித்து, அடித்தகடு இற்று மண் தெரிந்தது. டிக்கியில் கோழி முட்டையிட்டது. "கோழிக்கூண்டுக்கு எதுக்கு ஆர்.சி. புக்கு? வித்துத் தொலைங்க டீச்சர்," என்று தினமும் நச்சரித்தேன். ஜெரால்டும் அதையே சொன்னான். ஒருவழியாகச் சரி என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து வாங்குகிறவர் வந்துவிட்டார். டீச்சர் சாவியை நீட்டப் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயோ, ராகு காலம்! பத்தரை வரைக்கும் சாவி கை மாற வேண்டாம்," என்று தடுத்தேன். ஜெபமாலை உருட்டும் டீச்சருக்கு ராகுவாவது கேதுவாவது! எனக்காகப் பொறுத்துக்கொண்டார். வந்தவரும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பொழுது போகாமல் டீச்சர் காரைத் துடைத்தார். துடைத்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. "இங்கேருந்து பார்த்தா எல்லாம் வேற மாதிரி இருக்கு டீச்சர்," என்றார். எதிரே இருந்தது ஒரு சுவரும் கொடிக்கயிறும்தான். பத்தரை ஆனதும், "ம், சாவியைக் குடுங்க," என்றேன். அவர் இறங்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க தம்பி, விக்கலை. நானே ஓட்டப்போறேன். டிபன் சாப்பிட்டுத்தான் போகணும்."

எனக்கு வந்ததே கோபம்! "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"யோசிக்க ஒன்றரை மணி நேரம் குடுத்ததே நீங்கதானே?" என்று சிரித்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது நான்தான்.

அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, இன்ஜினைப் பிரித்துப் பூட்ட ஒன்றரை வருஷம் ஆனது. "இன்ஷா அல்லா, தீபாவளிக்குள்ள ஓடும்," என்பார் மெக்கானிக் பாஷா பாய். எந்தத் தீபாவளி என்று மட்டும் சொல்லமாட்டார். அதற்குள் டீச்சர் டிரைவிங் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை தோற்றபோது, "எத்தனை பிள்ளைங்களுக்கு ஃபெயில் போட்டிருக்கேன், எனக்கு ஒரு தடவை வேண்டாமா?" என்றார்.

முதல் சவாரிக்கு என்னைத்தான் ஏற்றிக்கொண்டார். காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் தள்ளினேன். "தள்றதுக்கு உங்க கோபம் நல்லா உதவுது டீச்சர்," என்றார். மானம் போகிறதே என்று திட்டிக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.

ஏழாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெரால்டு கேட்டான். "அங்க அபார்ட்மென்ட்ல இதை நிறுத்த இடமில்லை ஆன்ட்டி. வித்துடலாமா?"

விற்க மனசே வரவில்லை. ஆனால் விற்காதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு நீயே முடிவு பண்ணு," என்றேன்.

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போனவன் மத்தியானம்தான் திரும்பினான். தலை கலைந்து, முகமெல்லாம் புழுதி. இறங்கியவன் வீட்டுக்குள் வராமல், முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான்.

"பிரேக் போட்டா லேசா இடது பக்கம் இழுக்குது ஆன்ட்டி. பாஷா பாய் நம்பர் இருக்கா?"

கொடுத்துவிட்டேன், டீச்சர். நிம்மதியாகப் போய் வாருங்கள்.