ஸ்டார்ட்டருக்கு இரண்டு கோட் நீலம்

அந்த டீசல் எஞ்சின் பல வருடம் கடலில் ஓடியது. படகை உடைத்து விற்றபோது, திருவிழாக்களுக்கு விளக்குக் கட்டும் லைட் செட் அண்ணன் அதைத் துறைமுகத்திலிருந்து தூக்கிவந்து, டிராக்டர் டிரெய்லர் ஒன்றில் உட்கார வைத்து, ஆல்டர்னேட்டரோடு சேர்த்து ஜெனரேட்டர் ஆக்கிவிட்டார். கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்ந்து பழகிய எஞ்சின். தரையிலும் அதற்கு ஒரு கடல் வேண்டும் என்று பக்கத்தில் இரும்பு டிரம் ஒன்றை வைத்தார். டிரம் தண்ணீர் எஞ்சினுக்குள் போய், சூடாகி, மறுபடி டிரம்மிலேயே விழும். ஓடுகிற நேரமெல்லாம் ஒருவன் குடத்தோடு நின்று பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வருடம் குடத்தோடு நின்றவன் நான்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன், கடலூரில் ஐஸ் உடைத்தேன், திருபுவனையில் ஒரு ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் ஆளாக மூட்டை ஏற்றினேன். அங்கே ஆள் குறைத்தபோது ரூமும் போயிற்று. பத்து நாள் பஸ் ஸ்டாப்பில் படுத்தேன். லைட் செட் அண்ணன் தன் சாமான் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். ட்யூப்லைட் கட்டுகளுக்கு நடுவில் சரியாக ஒரு ஆள் நீளத்துக்கு இடம் இருந்தது.

கொட்டகை வில்லியனூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தது. ஊரில் பாதிக்கு மேல் மாதா கோயில் குடும்பங்கள். திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் பெரிய தேர் தெருக்களைச் சுற்றி வரும். தேர் உயரம் என்பதால் அது வரும்போது தெருக் கம்பிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். ஊரே இருட்டில் நிற்க, தேர் மட்டும் ஜெகஜ்ஜோதியாக வரும். அந்த வெளிச்சம் முழுக்க அண்ணனின் எஞ்சினிலிருந்து வருவது.

அதற்கு முந்தின வருடம் எஞ்சின் நடுத்தெருவில் நின்றுவிட்டது. அண்ணன் ஹேண்டில் போட்டுச் சுற்ற, ஹேண்டில் திருப்பி அடித்து அவர் மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அண்ணி அந்த ஹேண்டிலை எடுத்துப் போய் ஊர்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டார். ஆகவே இனி, சாவியைத் திருப்பினால் பேட்டரியில் ஓடி எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் கதி. விழாக் கமிட்டியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: இந்த முறை தேர் இருட்டில் நின்றால், அடுத்த வருடத்திலிருந்து வேலை மூலக்குளத்து லைட் செட்காரருக்குத்தான். இந்தத் தேரைப் பார்த்துத்தான் சுற்று வட்டாரக் கோயில்களெல்லாம் அண்ணனைக் கூப்பிடுகின்றன. இது போனால் எல்லாம் போகும்.

திருவிழாவுக்கு முன்னால் அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் நீலமும் வெள்ளையும் அடிப்பார்கள். மாதாவின் நிறம். கோயில் கேட், கொடிமரத்து மேடை, தேர்ச் சக்கரம், தென்னை மரத்தின் இடுப்பு வரை. எஞ்சினுக்கு அடிக்கும் வேலை எனக்கு வந்தது. படுக்க இடம் கொடுத்தவருக்கு என்னால் முடிந்தது என்று உயிரைக் கொடுத்துச் செய்தேன். ஸ்டார்ட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு இடுக்கு விடாமல் நீலம். காய்ந்ததும் இன்னொரு கோட். அதன் போல்ட்டுகளைப் பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே போட்டு எடுத்துக் காய வைத்து மாட்டினேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி கீதுடா" என்றார் அண்ணன்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் எஞ்சினை நிறுத்தி அண்ணி சாவியைத் திருப்பினார். டக். மறுபடி திருப்பினார். டக்.

"இன்னாங்க, டக்குனுது, சுத்த மாட்டேங்குது."

"நல்லாத் திருப்புடி."

"சாவி ஒடியற வரைக்குமா?"

அதே வாசலில் மூலக்குளத்துக்காரர் தன் புது ஜெனரேட்டரை ஏற்கெனவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சத்தமே போடாத பெட்டி. வேர்க்கடலைப் பொட்டலத்தோடு அதன் மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்: "இன்னாண்ணா, ஒங்க கப்பலு தரை தட்டிச்சா?"

ஸ்டார்ட்டரைக் கழற்றி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வில்லியனூர் போனேன். எலக்ட்ரீஷியன் பிரியாணிக் கையோடு வந்து கடையைத் திறந்தார். ஸ்டார்ட்டரை பெஞ்சில் வைத்து, கறுப்பு ஒயரை அதன் உடம்பில் கவ்வவிட்டு, சிவப்பை முனையில் தொட்டார். விர்ரென்று துள்ளியது.

"சூப்பரா கீது. பேட்டரியப் பாரு, போ."

திரும்பி வந்து மாட்டினோம். எங்கள் பேட்டரிக்குப் பதில் டிராக்டர் பேட்டரியை வைத்துப் பார்த்தோம். டக். மறுபடி கழற்றி, மறுபடி வில்லியனூர். இந்த முறை அவர் உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கட்டைகளை மாற்றினார். பெஞ்சில் முன்னைவிட நன்றாகத் துள்ளியது. ஊருக்கு வந்தால், டக்.

"கடல்ல தள்ளி வுட்டுப் பாருங்கண்ணா. தண்ணியப் பாத்தா அதுவா ஓடும்" என்றார் மூலக்குளத்துக்காரர்.

ஐந்தரை மணிக்குப் பூசை மணி அடித்தது. பூசை முடிந்தால் தேர். கடைசி முயற்சியாக டிராக்டர் பேட்டரியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு ஜோடி ஒயர் எடுத்தேன். கறுப்பு ஒயரின் மறுமுனையை எங்கள் பேட்டரியில் மாட்ட வேண்டும். ஆனால் பேட்டரிப் பெட்டி மேல் அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்ல மனம் வரவில்லை. கைக்கெட்டிய இடம் ஸ்டார்ட்டரின் உடம்பு. அதில் பெயிண்ட் உரிந்திருந்த ஒரு மூலையில் கவ்வவிட்டேன்.

அண்ணன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் குபுகுபுவென்று அரைச் சுற்று சுற்றியது! ஒயர் மெல்லிசு, உடனே புகைந்தது. பிடுங்கினேன். டக். மறுபடி வைத்தேன். சுற்றியது, புகைந்தது.

"இன்னாடா வித்தை காட்டுற?" என்றார் அண்ணன்.

ஒயரை விட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் எஞ்சினில் உட்காரும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். அந்த ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் வந்து சேர ஒரு ஒயர்தான் உண்டு. கரண்ட் திரும்பிப் போவது அதன் இரும்பு உடம்பு வழியாக, எஞ்சினைத் தொடும் இடத்தில். இரும்பும் இரும்பும் தொட வேண்டிய அந்த இடத்தில் இரண்டு கோட் நீலம் இருந்தது. போல்ட்டிலும் நீலம். டக் என்று சொல்லும் அளவுக்குக் கரண்ட் கசிந்தது, சுற்றும் அளவுக்குப் போகவில்லை. எலக்ட்ரீஷியன் பெஞ்சில் ஒயரை நேராக உடம்பில் கொடுத்ததால் அங்கே மட்டும் துள்ளியது.

அதற்குள் அண்ணன் போனை எடுத்துவிட்டார். "அந்த வில்லியனூர்க்காரன் வேலய ஒழுங்கா செய்யலடா. அவன் கடைய இன்னிக்கி..."

"அண்ணா, அவரு இல்ல. நான்தான்."

பத்து விரலையும் நீட்டினேன். நகக்கண்ணெல்லாம் நீலம். ஸ்டார்ட்டர் உட்காரும் இடத்தைக் காட்டிச் சொன்னேன். அண்ணன் என் விரல்களைப் பார்த்தார், ஸ்டார்ட்டரைப் பார்த்தார். அண்ணிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பேட்டரிப் பெட்டியிலிருந்து சரிந்து டிரெய்லர் பலகையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"கல்யாணப் பொண்ணுன்னு... நீதானே சொன்ன..."

"சிரிக்காதடி!" என்று கத்திய அண்ணனுக்கும் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தார். நன்றாகவே வலித்தது. எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

பெயிண்ட் வேலையில் மிச்சமான உப்புத்தாள் இருந்தது. நான் ஸ்டார்ட்டரைத் தேய்த்தேன், அண்ணன் எஞ்சின் பக்கத்தை அரிவாள் முனையால் சுரண்டினார், அண்ணி போல்ட்டுகளைத் தரையில் வைத்துத் தேய்த்தார். நேரம் ஆறைத் தாண்டியது. மூலக்குளத்துக்காரர் வேர்க்கடலையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு போல்ட்ட இப்டித் தள்ளுக்கா. சும்மா பாத்துனு நின்னா கை அரிக்குது."

"ஒனக்குத்தானே லாபம், நின்னு போனா?" என்றார் அண்ணி.

"இப்டி ஜெயிச்சேன்னு வூட்ல சொன்னா சோறு போட மாட்டாங்க."

நான்கு பேர் மூக்கிலும் நீலப் பொடி. மாட்டி முறுக்கி முடித்தபோது பங்குச் சாமியார் பூசையை முடித்து வாசலுக்கு வந்துவிட்டார். தேருக்குத் தீர்த்தம் தெளித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எஞ்சினுக்கும் இரண்டு சொட்டுத் தெளித்தார். அண்ணி சாவியைத் திருப்பினார்.

பிடித்தது! கடலில் போட்ட அதே சத்தம். கறுப்புப் புகை கிளம்ப, வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பின. தெருவில் கரண்டை நிறுத்தினார்கள். தேரில் நீலமும் வெள்ளையுமாக விளக்குகள் பற்றிக்கொண்டன. வெடிச்சத்தத்தில் யார் கத்தினார்கள் என்றே தெரியவில்லை, நானும் கத்தினேன்.

டிரெய்லர் தேருக்குப் பின்னால் ஊர்ந்தது. நான் மேலே நின்று குடம் குடமாக ஊற்றினேன். இரண்டாவது தெருவில் என் தண்ணீர் தீர்ந்துபோக, "தண்ணி! தண்ணி!" என்று அலறினேன். வீட்டுக்கு வீடு குடத்தோடு வந்தார்கள். ஒருவர் குளிக்க வைத்திருந்த வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றப் பார்த்தார், காலால் தடுத்தேன். எஞ்சின் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எட்டரைக்குத் தேர் நிலைக்கு வந்தது.

கமிட்டிக்காரர் அண்ணனின் தோளைத் தட்டினார். "அடுத்த வருசமும் ஒன் கப்பலே வரட்டும்பா. சின்னதா ஒரு பெயிண்ட் மட்டும் அடிச்சிடு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைத் தேடினேன். அவர் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு பாழுங்கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.