சாம்பார் அண்டாவோடு ஒரு டெஸ்ட் டிரைவ்

கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குத் துணையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதுதான் என் பிழைப்பு. உள்ளபடி சொன்னால், அடுத்த வீட்டுச் சண்டையை ஏசி போட்டுக் கேட்கிற வேலை.

டோல்கேட் பக்கம், திருவொற்றியூர் ஹைரோடில் எங்கள் ஷோரூம். சின்ன கார் மட்டும்தான் விற்கிறோம். முன்னே கால் டாக்ஸி ஓட்டினேன், முதுகு ஒத்துழைக்கவில்லை, இங்கே வந்துவிட்டேன். படிப்பு கம்மி. காது மட்டும் நல்ல காது. கையில் இருக்கிற பணத்துக்கும் மனசில் இருக்கிற வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நீங்களும் ஒரு நாள் முழித்திருப்பீர்கள். அந்த முழியை நான் தினமும் பார்க்கிறேன். ஆகையால் கூச்சப்படாமல் படியுங்கள், நாமெல்லாம் ஒரே வண்டியில்தான் போகிறோம்.

கழற்றிவிட்டுக் கொடுங்கள்

தெற்கத்திக்காரர் ஒருவர், தண்டையார்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம். மனைவியோடு வந்திருந்தார். அரிசி மூட்டையைக் குத்திப் பார்ப்பது மாதிரி காரை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். விற்பனைப் பெண் நிவேதா ஒவ்வொரு வசதியாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். “இந்தப் பாட்டுப் பொட்டி நமக்கு எதுக்கு? கழத்திருங்க. எம்புட்டு கொறையும்?” என்றார். பின் கண்ணாடி வைப்பரைக் காட்டினாள். “நான் பின்னால பாத்து எங்க போகப் போறேன்? அதையும் கழத்திருங்க” என்றார். எல்லாம் கம்பெனியிலிருந்தே வருவது, கழற்ற முடியாது என்று நிவேதா கெஞ்சாத குறை.

டெஸ்ட் டிரைவிலும் அதே பேச்சு. ஏசியைக் கழற்றலாமா, பின் சீட்டைக் கழற்றலாமா என்று என்னைப் போட்டு அரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முன்னால் குனிந்து என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, இவுக சொல்லுததையெல்லாம் கழத்திட்டா கடைசியில ஸ்டேரிங்கும் நானும்தான் மிச்சம். என்னையக் கழத்துனா எம்புட்டு கொறையும்னு கேட்டுச் சொல்லுங்க.”

லோடு ஆட்டோ ஆலோசனை

ஸ்டெல்லா அக்காவும் அவர் வீட்டுக்காரர் சேவியரும் ராயபுரத்திலிருந்து வந்தார்கள். அக்கா என்னைவிடச் சின்னவர்தான். ஊரே அப்படிக் கூப்பிடுகிறது, நானும் கூப்பிட்டேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார். அறுபது எழுபது ஆள் சாப்பாடு. சேவியர் ஹார்பரில் கப்பல் சாமான் இறக்குகிற வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போது அண்டா ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு.

இதுவரை தெரிந்தவர் ஒருவரின் ஆட்டோவில் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அந்த ஆட்டோ நடுரோட்டில் படுக்க ஆரம்பித்தது. ஒரு தடவை பொறுத்தார்கள். அடுத்த தடவை பசியோடு நின்ற ஆட்கள் கூச்சல் போட, யார்டு சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு நாள் லேட்டானால் ஆர்டர் வேறு ஆளுக்கு. அந்த ஆர்டர் போனால் அக்கா வீட்டு அடுப்பு அணைந்தது என்று அர்த்தம். அதனால்தான் நகைச்சீட்டுக்குக் கட்டி வைத்ததை எடுத்துக்கொண்டு சொந்த வண்டி வாங்க வந்திருந்தார்கள்.

நிவேதா வெள்ளந்திப் பெண். நம் ஷோரூமில் இல்லாத சரக்கையே சிபாரிசு செய்தாள்: “மேடம், சாப்பாடு கொண்டுபோகத்தானே? லோடு ஆட்டோ எடுத்தா சீப்பா முடியுமே?” மானேஜர் கண்ணாடி அறையிலிருந்து அவளை முறைத்தார். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா, ஞாயித்துக்கெயம கோயிலுக்கு நானும் இந்தாளும் அண்டா மேலயா குந்திக்கினு போறது?”

ஆகாசம் தெரிகிற வண்டி

அவர்கள் முன்னால் இரண்டு வண்டி நின்றது. ஒன்று ரொம்ப நாளாக ஓடிப் பேர் வாங்கிய வண்டி. பார்க்க ஒன்றும் இல்லை. ஆஃபரும் கிடையாது. அதில் இருப்பதிலேயே மொட்டை மாடலை எடுத்தாலும் அக்கா போட்டு வந்த கணக்கைத் தாண்டியது. இன்னொன்று புதிதாக வந்தது. போன வருஷத்து ஸ்டாக் என்பதால் விலையை இறக்கியிருந்தார்கள், கணக்குக்குள் அடங்கியது. கியர் தானாக மாறும், தட்டு அளவுக்குத் திரை, பட்டனை அமுக்கினால் கூரையில் ஒரு ஜன்னல் திறக்கும்.

சேவியர் அந்த ஜன்னலில் விழுந்துவிட்டார். திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெரம்பூரில் அவர் கூடப்பிறந்தவள் வீடு. அந்த வீட்டு மாப்பிள்ளை பெரிய கார் வைத்திருக்கிறாராம். அவர் முன்னால் இதைத் திறந்து மூட வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. “இன்னாமே, மேல பாரு, ஆகாசம் தெரியுது! ரேட்டும் கம்மி. இதுக்கு மேல இன்னா ஓணும்?” என்று கேட்டார். அக்கா அண்ணாந்து பார்க்கவே இல்லை. “தொறந்துகினே எண்ணூருக்குப் போய்யா. கரித்தூளு வுய்ந்து வெள்ளச்சோறு எள்ளுச்சோறா போய் சேரும்.”

அண்டா ஏறிய கதை

டெஸ்ட் டிரைவுக்கு எங்கள் மானேஜர் ஒரு வழி வைத்திருக்கிறார். பள்ளம் இல்லாத ரோடு, ஒரு யூ டர்ன், திரும்பி வந்தால் காபி. மறுநாள் அக்கா அந்த ஆஃபர் வண்டியை ஓட்டிப் பார்க்க வந்தபோது கூடவே ஒரு அண்டா நிறைய சாம்பாரும் வந்தது. “வெறும் வண்டியில இன்னாண்ணே தெரியப் போவுது? பொயப்ப ஏத்திப் பாத்தாதான் தெரியும்” என்றார். டிக்கியில் பழைய பெட்ஷீட்டைச் சுருட்டி அண்டாவுக்கு அணை கட்டி, மூடியைக் கயிற்றால் இறுக்கினார். பிறகு, டிரெய்லர் லாரி வரிசை கட்டி நிற்கிற எண்ணூர் ரோட்டுக்கு விடச் சொன்னார். ஓட்டப் போவது அவர்கள், வண்டி ஓட வேண்டியது அந்த ரோட்டில். சரி என்று ஏறினேன்.

சேவியர் ஓட்டினார். ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் ரோட்டை அடைத்து நின்றன. ஒரு முழம் நகரும், நிற்கும். இன்னொரு முழம் நகரும், நிற்கும். இப்படி ஊர்ந்து ஊர்ந்து ஒரு பாலத்து ஏற்றத்தில் போகும்போது கருகின வாடை அடித்தது. அக்கா முதலில் அண்டாவை மோந்து பார்த்தார். சாம்பார் இல்லை, வண்டி. திரையில் சிவப்பாக இங்கிலீஷ் எழுத்து வந்தது, கியர் சூடாகிவிட்டது, நிறுத்தி ஆற வையுங்கள் என்று. நிறுத்தினோம். பின்னால் நின்ற டிரெய்லர்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இன்னா நைனா, காரு பாக்க வந்தியா, பந்தி போட வந்தியா? சாம்பாரு வாசன தூக்குது!” என்று கத்தினார்.

வண்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல ரோட்டில் அது வெண்ணெய் மாதிரி போகும். எங்கள் ரோடு அதற்குத் தோது இல்லை. அது ஆறுகிற வரைக்கும் அங்கேயே நின்றோம். அக்கா திரையைக் காட்டிச் சொன்னார்: “இத்தினி பெரிய திரை வெச்சது நல்லதுதான்யா. நின்னுபோச்சுன்றத எவ்ளோ பெரிய எய்த்துல சொல்லுது பாரு.”

பாஷா பாய் ஷெட்டு

அதற்கடுத்து மொட்டை வண்டி, கிளட்ச் வண்டி என்பதால் நான் ஓட்டினேன். ரோட்டில் அது நிற்கவில்லை, ஆனால் பணம் கூடுதலாயிற்றே. நடுவழியில் அக்கா என்னை நிறுத்தச் சொன்னது டோல்கேட் மெக்கானிக் பாஷா பாயின் ஷெட்டு வாசலில். “பாய், இந்த வண்டி உன்னாண்ட நெறைய வருதா?” என்று கேட்டார். பாய் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, “ஏன் கேக்குற, தெனம் வருதுக்கா” என்றார்.

சேவியருக்குக் கொண்டாட்டம். “கேட்டியா? ஆகாசம் தெரியற வண்டிய வுட்டுட்டு, தெனம் ஷெட்டுல கெடக்குற பேஜாரு வண்டிக்கா அதிகமா துட்டு குடுக்கப் போற?” என்று எகிறினார். அக்கா முகம் வாடிவிட்டது. தெருவுக்கு நாலு ஓடுகிற வண்டி ஷெட்டுக்கும் நாலு வரத்தானே செய்யும்? ஆனால் விற்கிற இடத்து ஆள் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? பாய் சாவகாசமாக ஒரு ஸ்பேனரை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாத்த, ஆஸ்பத்திரிக்கு எத்தினி பேரு வர்றான்னு எண்ணாத. காலையில வந்தவன் சாய்ங்காலம் வூட்டுக்குப் போறானா, பெட்டு போட்டு படுத்துக்கிறானான்னு பாரு. இது சாமான் பக்கத்துக் கடையில கெடைக்கும், சாய்ங்காலம் போய்டும். உன் ஆகாச வண்டி சாமானுக்கு எய்திப் போட்டுட்டு குந்திக்கினு கீறேன்.”

கண்ணாடி சுற்றுகிற கைப்பிடி

மொட்டை மாடலையே எடுத்தார்கள். திரை இல்லை, பாட்டு இல்லை. பின்சீட்டுக் கண்ணாடியை இறக்க வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். கலர் கேட்டால் காசு கூடும் என்று வெள்ளை. சீட் கவரைக்கூட வேண்டாம் என்றுவிட்டார் அக்கா. ஏசியை மட்டும் விடவில்லை. “அண்டா சூட்டுல நாங்க ரெண்டு பேரும் வெந்துடுவோம்” என்றார். கூடின பணத்துக்கு பேங்க் தவணையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது சேவியர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை வீட்டில் விட நானும் கூடப் போனேன். மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வெளியே வந்ததும் சேவியர், எதற்கும் இருக்கட்டும் என்று நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். தெருவில் நுழைந்ததும் எதிர்வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், கைப்பிடியைப் பார்த்தார், சிரித்தார். “இன்னா மாமு, காரு வாங்குனியா, காரு வந்த பொட்டிய வாங்குனியா?” என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த சேவியருக்கு எங்கிருந்து வந்ததோ ரோஷம்: “பொட்டிதான் மாமு. ஆனா இது சாவி போட்டா கெளம்புற பொட்டி. உன் வண்டிய நேத்து காலையில தெரு முனை வரைக்கும் தள்ளுனது யாரு, உங்க மாமனாரா?”

கேட்டு வாசல்

முதல் நாள் சாப்பாட்டோடு என்னையும் வரச் சொன்னார்கள். எனக்கு வார லீவு. சேவியருக்கு லைசென்ஸ் இருந்தாலும் கிளட்ச் மிதித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு டிரெய்லர் குறுக்கே நின்று ரோடு சுத்தமாக அடைத்துக்கொண்டது. முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். வண்டி முனகவில்லை. அக்கா வழி முழுக்க ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே யார்டு கேட்டில் போய் நின்றோம். “எப்டி!” என்று ஸ்டேரிங்கைத் தட்டினார் சேவியர்.

காவலாளி கையை நீட்டி மறித்தார். உள்ளே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் பாஸ் வேண்டும். அக்காவின் பாஸ் அந்தப் பழைய ஆட்டோ நம்பரில் இருந்தது. “ஆட்டோ வந்தா வுடுவேன். இந்த நம்பர வுட்டா என் வேலை போய்டும்மா” என்றார். சேவியர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. அக்கா விறுவிறுவென்று போய் டிக்கியைத் திறந்தார், அண்டா மூடியை எடுத்தார். மீன் குழம்பு. சாப்பாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே கேட்டுப் பக்கம் திரும்பினார்கள். ரோட்டோரம் வரிசை கட்டி, டிக்கியிலிருந்தே தட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். வரிசையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கரண்டி பிடித்த அக்காவின் கை அப்படியே நின்றது. ஆர்டர் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். அவர் காவலாளியிடம் சொன்னார்: “வண்டிய உள்ள வுடாதது கரெக்டு. சோறு நேரத்துக்கு வந்ததும் கரெக்டு. புது நம்பர எயுதி வாங்கி வை, நாளைக்கு பாஸ் போட்டுக் குடுத்துடலாம்.” அவர் போனதும் அக்கா டிக்கி ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: “மெக்கானிக்க கேட்டோம், பேங்க்குகாரன கேட்டோம், சாமியார கேட்டோம். இந்த கேட்டுல நிக்கிற மனுஷன ஒரு வார்த்த கேட்டோமாண்ணே?”

ஆக, மக்களே, கைக்கு அடக்கமான விலையில் காலை வாராத வண்டியை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம், அதை உள்ளே விடுகிற கேட்டு மட்டும் எந்த ஷோரூமிலும் விற்பனைக்கு இல்லை.