சீஸ் இழைப்புளி

நார்வேயில் எங்கள் பள்ளத்தாக்கில் ஹால்வர் ஆசாரி செய்யாத கதவு கிடையாது. ஐம்பது வயசு, கட்டைப் பிரம்மச்சாரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஒரு மனுஷன். இழைப்புளியைக் கையில் எடுத்தால் மட்டும் பலகை கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

புருஷனை இழந்த என் அக்கா ராக்னாவுக்கு அவர்மேல் ஒரு கண். ஊருக்கே தெரியும், அந்த ஆளுக்குத்தான் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவழியாக அவரே வாயைத் திறந்து, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் அக்கா.

"என்னக்கா யோசனை?" என்றேன்.

"அவருக்கு நான் வேணுமா, சமைச்சுப்போட ஆள் வேணுமா? முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியலையே."

அந்த வாரம்தான் எங்கள் ஊர்க் கடைக்கு ஊஸ்டெஹோவெல் வந்திருந்தது. ஊஸ்ட் என்றால் சீஸ், ஹோவெல் என்றால் ஆசாரியின் இழைப்புளி. கைப்பிடி வைத்த தகடு, நடுவில் சீவுகிற வாய். வேலை ஒன்றாக இருந்ததால் பேரும் ஒட்டிக்கொண்டது. அக்கா ஒன்று வாங்கி வைத்தாள்.

கத்தியால் வெட்டின காலத்திலிருந்தே எங்களுக்குச் சீஸ் கட்டி மட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் விட்டால், பனிச்சறுக்கு மேடு போட்டுட்டான் என்று மானத்தை வாங்கிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை ஹால்வர் கோட்டுப் போட்டு வந்து உட்கார்ந்தார். "இது உங்க ஆயுதம்தானே, சீவுங்க" என்றாள் அக்கா. சீவினார். பழுப்பு சீஸில் செங்குத்தாக ஒரு மேடு!

"அடக் கடவுளே! சறுக்குக்கட்டை எடுத்துட்டு வரட்டுமா ஆசாரி?" என்று நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். மனுஷன் காது வரை சிவந்து, எழுந்து தொப்பியைத் தேடினார்.

"உக்காருங்க" என்றாள் அக்கா. "மரத்துல என்னைக்காவது இப்படி மேடு போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"இன்னைக்கு ஏன்?"

"நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"மேடு போட்டவங்கதான் அதைச் சமன் பண்ணணும். தினம் காலையில சீவிச் சாப்பிடுங்க."

"தினம் காலையில வரணுமா?"

"எதுக்கு வரணும்? இங்கேயே இருங்க."

சிரிக்கத்தான் நினைத்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.